வீட்டு வளவில் ஓர்க்கிட்: செடியின் வளர்ச்சி முறையும் அதற்கேற்ற பராமரிப்பும்

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் நமது கமக்காரர்களுக்குப் பயிர் என்பது மண்ணில் நிற்பது. மண்ணைப் பண்படுத்திப் பசளையிட்டு நீர் பாய்ச்சினால் பயிர் வளரும். இவ்வறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. வயலில் அது பொய்த்ததில்லை. ஆயினும் இதே அறிவை ஓர்க்கிட் செடிக்குப் பிரயோகித்தால், அச்செடி ஒரு மாரியைத் தாண்டுவது அரிது.

பெரியகல்லாறு முதலிய எழுவான்கரைக் கிராமங்களில் இது பலமுறை கண்கூடு. பூத்து நிற்கும் ஓர்க்கிட் செடியொன்றை நல்ல விலை கொடுத்து வாங்குவர். மணலும் மாட்டெருவும் கலந்து சாடியை நிரப்பிச் செடியை ஆழமாக நடுவர். காலையும் மாலையும் கிணற்று நீர் வார்ப்பர். பூ உதிர்ந்த தண்டைப் பயனற்றதென்று வெட்டிவிடுவர். மார்கழி மழையில் செடி அடியழுகிச் சாயும். "எமக்குக் கைராசி இல்லை" என்று வீட்டார் மனம் வருந்துவர். இங்கு குறை கைராசியில் இல்லை. செடி எவ்வாறு வளர்கின்றது என்பதை அறியாமையே குறை. வளர்ச்சி முறையை அறிந்துகொண்டால் நடுதல், நீர் வார்த்தல், வெட்டுதல், பிரித்தல் ஆகிய யாவும் அதிலிருந்தே விளங்கும். அதனை எடுத்துரைப்பதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

மேலொட்டி வேறு, ஒட்டுண்ணி வேறு

வீடுகளில் வளர்க்கப்படும் ஓர்க்கிட்டுகளிற் பெரும்பாலானவை, இயற்கையில் மரங்களின் பட்டையிலும் பாறைகளிலும் பற்றி வளர்பவை. இவற்றைத் தாவரவியலார் மேலொட்டிகள் என்பர். மாமரத்தில் படரும் குருவிச்சையை யாவரும் அறிவர். அது தன் வேரை மரத்தினுள் செலுத்தி நீரையும் உப்புக்களையும் உறிஞ்சுவதால் ஒட்டுண்ணி எனப்படும். ஓர்க்கிட் அவ்வாறு செய்வதில்லை. அதற்கு மரம் ஓர் இருக்கை மட்டுமே. மழைநீர், பட்டை வழியே வழிந்துவரும் சிறிதளவு சத்து, உக்கிய இலைத்தூள் ஆகியவற்றைக் கொண்டே அது வாழும். எனவே வளவில் நிற்கும் மா, பலா, தென்னை ஆகியவற்றில் ஓர்க்கிட்டைக் கட்டிவைத்தால் மரம் நலியும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

வேரின் இயல்பு

நெற்பயிர் வெள்ளம் நின்ற சேற்றிலும் மூச்சுவிட வல்லது. அதன் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் இலையிலிருந்து காற்றைக் கீழே கொண்டுசெல்லும். ஓர்க்கிட் வேருக்கு அத்தகைய வசதி இல்லை. அதன் வேரைச் சுற்றி வெலாமென் எனப்படும் வெண்மையான பஞ்சு போன்ற உறை உண்டு. மழை பட்டவுடன் இவ்வுறை நீரை உறிஞ்சித் தேக்கி, உள்வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். பின்னர் காற்றில் உலரும். நனைதலும் உலர்தலும் மாறி மாறி நிகழ வேண்டும் என்பதே இவ்வேரின் விதி. இடைவிடாது நனைந்திருந்தால் உறை அழுகி வேர் மாளும்.

நீர் வேண்டுமா வேண்டாமா என்பதை இவ்வேரே கூறும். உலர்ந்தபோது வெள்ளி நிறமாகவும் நனைந்தபோது பச்சையாகவும் அது தோன்றும். வேர் வெண்மையாக இருப்பின் நீர் வார்க்கலாம். பச்சையாக இருப்பின் பொறுத்திருக்க வேண்டும். வேரின் நுனி பச்சையாகவோ செந்நிறமாகவோ பளபளப்புடன் இருத்தல் செடி நலமாக வளர்வதற்கு அறிகுறி.

தடித்த இலையுடைய ஓர்க்கிட்டுகளுக்கு வேறோர் இயல்பும் உண்டு. நெல் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உட்கொள்ளும். இவையோ பகல் வெப்பத்தில் இலைவாய்களை மூடி, இரவில் திறக்கும். இதனால் நீரிழப்புக் குறைகின்றது; சில நாட்கள் நீரின்றியும் இவை பொறுத்துக்கொள்கின்றன. நீர் மிகுதியால் இறக்கும் செடிகள், நீர்க் குறைவால் இறப்பவற்றிலும் பல மடங்கு என்பது வளர்த்தோர் அனுபவம்.

இருவகை வளர்ச்சி

ஓர்க்கிட்டுகள் யாவும் வளர்ச்சி முறையால் இரு பெரும் பிரிவுகளில் அடங்கும். செடியை வாங்கியவுடன் அது எப்பிரிவைச் சேர்ந்தது என்று பார்த்தல் முதற்கடமையாகும்.

(1) தொடர்தண்டு வளர்ச்சி: இஞ்சியும் மஞ்சளும் நிலத்தின் கீழ்க் கிடையாக வளர்ந்து, கணுவுக்குக் கணு புதிய முளையை மேலே அனுப்புவதைக் கமக்காரர் அறிவர். டென்ட்ரோபியம், கற்லேயா, ஒன்சிடியம் ஆகியவையும் இவ்வாறே வளர்பவை. கிடைத்தண்டின் முன்முனையிலிருந்து புதிய தண்டு எழும். அது முற்றியபின் அதன் அடியிலிருந்து அடுத்தது எழும். இத்தண்டுகள் பருத்து, நீரையும் மாப்பொருளையும் சேமித்து வைக்கும். ஆதலின் இவை போலிக்குமிழ்கள் எனப்படும்.

இங்கேதான் பெருந்தவறு நிகழ்கின்றது. வாழை ஒருமுறை குலை ஈன்றதும் அத்தண்டு மடியும். ஆகவே தாயை வெட்டிக் குட்டியை வளர்க்கின்றோம். அதே பழக்கத்தில் டென்ட்ரோபியத்தின் பூத்த தண்டையும் வெட்டிவிடுகின்றோம். ஆனால் அத்தண்டு இலை உதிர்ந்து வெறுமையாக நின்றாலும் உயிருள்ள களஞ்சியமாகும். புதிய முளைக்கு வேண்டிய உணவை அதுவே கொடுக்கின்றது. சிலபோது அதன் மேற்கணுவில் மீண்டும் பூங்கொத்துத் தோன்றுதலும் உண்டு. பழந்தண்டுகளை வெட்டிய செடியின் புதுத்தண்டு சிறுத்துப் பூவின்றி நிற்பதற்குக் காரணம் இதுவே. உலர்ந்து பழுப்பாகி உட்புறம் வெறுமையான தண்டை மட்டுமே நீக்க வேண்டும்.

(2) ஒற்றைத்தண்டு வளர்ச்சி: தென்னையும் பனையும் ஒரே குருத்தினால் மேல்நோக்கி வளர்பவை. வண்டா, பலனொப்சிசு, அரக்னிசு ஆகிய ஓர்க்கிட்டுகளும் அத்தகையவை. இவற்றிற்கு ஒரு தண்டு, ஒரு வளர்முனை. இலைகள் இருபுறமும் வரிசையாக அமையும். பூங்கொத்தும் வேர்களும் தண்டின் பக்கத்திலிருந்தே வெளிவரும். போலிக்குமிழ் இல்லை, எனவே நீரைச் சேமிக்கும் ஆற்றலும் குறைவு. வறட்சியில் அடியிலைகள் மடிந்து விழுதல் இதனாலேயே.

இவ்வகையில் குருத்தைப் பாதுகாத்தலே முக்கியம். பலனொப்சிசுவின் குருத்தில் இரவு முழுதும் நீர் தேங்கினால் அது அழுகும். தென்னையைப் போலன்றி இவற்றின் தண்டில் உறங்கும் முளைகள் உண்டு; குருத்து மாண்டாலும் பக்கமுளை தோன்றக்கூடும். ஆகையால் உடனே செடியை எறிந்துவிடலாகாது.

எதனைத் தெரிந்தெடுப்பது?

நமது பகுதிக்குப் பெருமழை ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகின்றது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வெப்பமாகவும் வறட்சியாகவும் வீசும். இவ்விரண்டையும் தாங்கும் செடிகளையே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

தொடக்கத்தில் வளர்ப்போருக்கு டென்ட்ரோபியக் கலப்பினங்களே ஏற்றவை. இவற்றின் முன்னோரில் ஒன்று வட அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அங்கும் ஆண்டில் ஒரு காலம் மழையும் ஒரு காலம் வறட்சியுமாகும். எனவே நமது சுவாத்தியம் இவற்றிற்கு அந்நியமன்று. இவற்றுக்கு ஏறத்தாழப் பாதி நிழல் வேண்டும்.

முழு வெயில் விழும் வளவிற்குக் குழல் போன்ற இலையுடைய வண்டா நன்று. சிங்கப்பூரில் 1893ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட மிஸ் யோக்கிம் என்னும் வண்டா இவ்வகையினது. 1981இல் அந்நாட்டின் தேசிய மலராயிற்று. இதனை மரக்கால் நாட்டி அதில் கட்டி வளர்க்க வேண்டும். தண்டின் முனை மரக்காலைத் தாண்டி வெயிலுக்கு வந்த பின்னரே நன்கு பூக்கும். இதனை நிழலில் வைத்துப் பூவை எதிர்பார்த்தல் வீண்.

பலனொப்சிசுவுக்கு ஆழ்ந்த நிழலும் ஈரக்காற்றும் வேண்டும். கச்சான் நேரே படும் முற்றத்தில் அது நில்லாது. வீட்டின் விறாந்தையில், வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கலாம். மண்ணில் நட்டு வளர்க்க விரும்புவோர் ஸ்பதோகுளொட்டிசு எனப்படும் நில ஓர்க்கிட்டை நடலாம். அது மட்டுமே, மேற்கூறியவற்றுள், நீர் வடியும் மணற்பாங்கான மண்ணும் கூட்டெருவும் கலந்த பாத்தியில் வளரும்.

சாடியும் ஊடகமும்

மேலொட்டி ஓர்க்கிட்டுக்கு மண் ஆகாது. பக்கத்தில் துளைகளுடைய மட்சாடியில், உடைந்த ஓட்டுத்துண்டுகளையும் மரக்கரியையும் இட்டு நிரப்புதல் வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டுகளையும் சேர்க்கலாம். ஆயின் ஓர் எச்சரிக்கை: வாவி நீரில் ஊறிய மட்டை உப்பைத் தன்னுள் கொண்டிருக்கும். அதனைப் பயன்படுத்தலாகாது. புதிய மட்டையையும் மழைநீரில் அல்லது நன்னீரில் ஊறவைத்து, சாயம் நீங்கும்வரை நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே இட வேண்டும். மட்டை நீரைத் தேக்குவதால் மாரியில் அதன் அளவு குறைவாக இருத்தல் நன்று. கடற்கரையிலிருந்து எடுத்த சிப்பி, ஊரி, பவளக்கல் ஆகியவற்றைச் சாடியில் இடுதலும் தவறு.

தொடர்தண்டுச் செடியை நடும்போது, பழந்தண்டுகள் சாடியின் விளிம்பை ஒட்டியும், புதுமுளை சாடியின் நடுவை நோக்கியும் இருக்க வேண்டும். இல்லையேல் ஓராண்டிலேயே முளை சாடிக்கு வெளியே சென்றுவிடும். கிடைத்தண்டை மூடலாகாது, அது ஊடகத்தின் மேல் தெரியவேண்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மண் அணைப்பது போல இதற்கு அணைத்தல் அழுகலை வரவழைப்பதாகும். செடி ஆடாதவாறு ஒரு குச்சியில் கட்டிவிட வேண்டும். ஆடும் செடியின் வேர்நுனி தேய்ந்து வளர்ச்சி நிற்கும். வண்டாவைச் சாடியின்றி மரக்கூடையில் வெறும் கரியோடு தொங்கவிடலாம்.

கிணற்று நீரும் மழைநீரும்

மேற்கே வாவியும் கிழக்கே கடலுமாக அமைந்த ஒடுங்கிய மணற்றரையில், நன்னீரானது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையாகவே நிற்கின்றது. மாரியில் அப்படை தடிக்கும்; கச்சான் காலத்தில் மெலியும். அப்பொழுது கிணற்று நீரில் உவர் ஏறும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர் கிழக்குக் கரையோரக் கிணறுகள் உவராகியதை நாம் மறக்கவில்லை.

பயிர்கள் யாவும் உவரை ஒரே அளவில் தாங்குவதில்லை. மண்ணின் உவர்த்தன்மை மீற்றருக்கு 3 டெசிசீமென்சைத் தாண்டும்போது நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு இவ்வெல்லை 1.5, வெங்காயத்திற்கு 1.2. ஓர்க்கிட் இவையனைத்திலும் மெலியது. அதற்கு வார்க்கும் நீர் 0.5க்கு மேற்படாதிருத்தல் நன்று. வயல் நீருக்கும் குடிநீருக்கும் குறை சொல்லாத கிணறு, ஓர்க்கிட்டுக்குக் குறையுடையதாக இருக்கக்கூடும். இலைநுனி கருகுதல், வேர்நுனி பழுப்பாகிச் சுருங்குதல், சாடியின் வெளிப்புறத்தில் வெண்பொருக்குப் படிதல் ஆகியன உவரின் அடையாளங்கள். இவ்வடையாளம் கண்டு, "நீர் போதவில்லை" என்று மேலும் அதே நீரை வார்த்தல் செடியைக் கொல்வதாகும்.

இதற்குப் பரிகாரம் மழைநீரைச் சேமித்தல். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர் நீர் கிடைக்கும். 25 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் 30 மில்லிமீற்றர் மழை பெய்தால், பீலி வழியே ஏறத்தாழ 750 லீற்றர் வந்துசேரும். பத்துச் செடிகளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் வீதம் வார்த்தால், அந்நீர் 150 நாட்களுக்குப் போதும். அஃதாவது கச்சான் காலம் முழுவதற்கும் போதும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட வேண்டும். தாங்கியை நன்கு மூடிவைத்தல் வேண்டும். நுளம்பு பெருகி டெங்கு பரவ இடங்கொடுக்கலாகாது. மழைநீர் போதாதவர்கள், வாரத்துக்கு ஒருமுறையேனும் மழைநீரைத் தாராளமாக வார்த்துச் சாடியிலுள்ள உப்பைக் கழுவிவிடுதல் நன்று.

நீரைக் காலையில் வார்த்தல் வேண்டும். மாலைக்குள் இலையும் குருத்தும் உலரவேண்டும். கச்சான் காலத்தில் தொங்கும் வண்டாவுக்கு நாள்தோறும், சாடியிலுள்ள டென்ட்ரோபியத்துக்கு வேரின் நிறம் பார்த்தும் வார்க்கலாம். மாரியில் இரண்டு மூன்று நாட்கள் ஓயாது மழை பெய்யின், சாடிகளைக் கூரையோரத்தின் உட்புறத்துக்கு மாற்றிவிட வேண்டும். சாடிகளை நிலத்தில் வையாது, இரண்டடி உயரத் தட்டில் வைத்தால் கீழிருந்து காற்றோட்டம் கிடைக்கும். நத்தைகளும் எளிதில் ஏறா. நிழலுக்கு 50 வீத நிழல்வலையோ, இடைவிட்டுப் பரப்பிய கிடுகோ போதும். கடற்காற்று நேரே படும் பக்கத்தைத் தவிர்த்தல் வேண்டும்.

பசளை

வயலுக்கு யூரியாவை வீசுவது போல ஓர்க்கிட்டுக்கு இடலாகாது. நீரில் கரையும் கலவைப் பசளையை 1 லீற்றர் நீருக்கு 1 கிராமுக்கு மேற்படாது கரைத்து, புதுத்தண்டு வளரும் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை தெளிக்கலாம். முதலில் வெறும் நீரால் வேரை நனைத்துப் பின்னர் பசளைநீர் தெளித்தால் வேர் எரிவதில்லை. தண்டு முற்றிய பின்னர் பசளையைக் குறைத்துவிட வேண்டும். நைதரசன் மிகுந்தால் பூவுக்குப் பதிலாக இலையே பெருகும். நன்றாக வளர்ந்த செடி பூக்கவில்லையெனில், பசளையைக் கூட்டுமுன் வெளிச்சம் போதுமா என்று பார்த்தல் வேண்டும்.

செடியைப் பெருக்குதல்

ஓர்க்கிட் விதை தூள் போன்றது. ஒரு காயில் இலட்சக்கணக்கில் இருக்கும். நெல்மணியில் முளைக்கு உணவாக வித்தகவிழையம் உண்டு. ஓர்க்கிட் விதையில் அது இல்லை. இயற்கையில் ஒருவகைப் பங்கசு உட்புகுந்து உணவூட்டினாலன்றி அது முளைப்பதில்லை. பிரெஞ்சு நாட்டுத் தாவரவியலாளர் நொயெல் பெர்னார் 1899இல் இதனைக் கண்டறிந்தார். சீனி கலந்த ஊடகத்தில் பங்கசு இன்றியும் முளைக்கச் செய்யலாம் என்பதை அமெரிக்கரான லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். 1960இல் பிரெஞ்சு அறிஞர் யோர்ச் மொறெல் வளர்முனை இழையத்திலிருந்து செடிகளைப் பெருக்கும் வழியை வெளியிட்டார். இன்று கடைகளுக்கு வரும் செடிகள் பெரும்பாலும் இவ்வழிகளில் ஆய்வுகூடக் குடுவைகளில் பிறந்தவையே. விதையை மண்ணில் தூவிக் காத்திருத்தல் பயன்தராது.

வீட்டில் செய்யத்தக்கது பிரித்தலாகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் டென்ட்ரோபியம் சாடியை நிரப்பிவிடும். புதுமுளையின் அடியில் வேர்நுனிகள் தோன்றத் தொடங்கும் வேளையே பிரிப்பதற்கு ஏற்ற வேளை. பிரிக்கும் ஒவ்வொரு பகுதியிலும் மூன்று தண்டுகளேனும் இருக்க வேண்டும். ஒற்றைத் தண்டாகப் பிரித்தால் பூக்காண்பதற்குப் பல ஆண்டு செல்லும். வண்டா உயர்ந்து வளர்ந்தபின், மூன்று வேர்களுக்குக் குறையாது மேற்பகுதியில் இருக்குமாறு வெட்டி நடலாம். அடித்தண்டை எறியாது வைத்தால் அதில் பக்கமுளைகள் தோன்றும். டென்ட்ரோபியத்தின் மேற்கணுவில் வேருடன் கூடிய சிறு கன்று தோன்றினால், வேர் இரண்டங்குலம் வளர்ந்தபின் பிரித்து நடலாம். ஆயின் பூவுக்குப் பதில் கன்றே தொடர்ந்து தோன்றினால், சாடியின் வேர்கள் அழுகியுள்ளனவா என்று உடனே பார்க்க வேண்டும்.

வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன் தீயில் வாட்டுதல் இன்றியமையாதது. ஓர்க்கிட்டைத் தாக்கும் வைரசு நோய்கள் கத்தியினால் பரவும். அவற்றைத் தீர்க்க மருந்தில்லை. மாரியில் கரும்புள்ளியுடன் அழுகும் பகுதியை நலமான தண்டு தெரியும்வரை வெட்டியெறிந்து, வெட்டுவாயில் கறுவாத்தூள் தடவி, சில நாட்கள் நீர் வாராது வைக்கலாம். கறுவாத்தூள் வேரில் படலாகாது. நத்தைகளை இரவில் விளக்குடன் சென்று பொறுக்கி அழித்தல் எளிய முறை. செதிற்பூச்சியையும் வெண்மூட்டுப்பூச்சியையும் மென்மையான தூரிகையும் சவர்க்கார நீரும் கொண்டு துடைத்து நீக்கலாம்.

காட்டு ஓர்க்கிட்டுகள்

வண்டா தெசலாற்றா என்னும் காட்டு ஓர்க்கிட் நமது உலர்வலயத்து மரங்களில் இயற்கையாக வளர்வது. வெசாக் மலர் எனப்படும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே இலங்கையில் மட்டுமே உள்ளது. ஈரவலயக் காடுகளுக்கு உரியது. அழகைக் கண்டு இத்தகையவற்றைக் காட்டிலிருந்து பிடுங்கி வருதல் தகாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பல காட்டு ஓர்க்கிட்டுகளைப் பாதுகாக்கின்றன. மேலும், ஈரவலயத்துச் செடி நமது கச்சான் வெப்பத்தில் நிலைப்பதில்லை. காடும் இழக்கும், வீடும் பெறாது. காட்டுவகைகளைக் காண விரும்புவோர், 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஓர்க்கிட் இல்லத்தைப் பார்வையிடலாம்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. செடி தொடர்தண்டா, ஒற்றைத்தண்டா என்று முதலில் பார்க்க.
2. மண்ணிலோ எருவிலோ நடற்க. நில ஓர்க்கிட் மட்டுமே இதற்கு விலக்கு.
3. பூத்த தண்டைப் பச்சையாக உள்ளவரை வெட்டற்க.
4. வேர் வெண்மையாக இருக்கும்போது மட்டும், காலையில் நீர் வார்க்க.
5. மாரியில் மழைநீரைச் சேமித்துக் கச்சானில் பயன்படுத்துக.
6. பசளையை மெலிதாகக் கொடுக்க.

வயலில் நீர்மட்டம் பார்த்து வாய்க்கால் திறக்கும் கமக்காரருக்கு வேரின் நிறம் பார்த்து நீர் வார்ப்பது அரிய செயலன்று. பயிரைக் கண்ணால் பார்த்து அதன் தேவையை அறியும் பழக்கம் அவருக்கு முன்னரே உண்டு. அதே கண்ணை ஓர்க்கிட்டின் முளை எழும் இடத்திலும் வேரின் நுனியிலும் செலுத்துவாராயின், ஒரு சாடி மூன்றாண்டில் மூன்று சாடியாகும். அயலார் அதனைக் கைராசி என்பர். உண்மையில் அது செடியின் வளர்ச்சி முறையை அறிந்ததன் பயனேயாகும். ஐயங்கள் எழுமிடத்து, நோயுற்ற பகுதியுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறுக.